மாப்பிள்ளையின் படகுக்கு ஆயில்

விருதுநகரில் சிவகாசி ரோட்டில் எனக்கு ஒரு ஆயில் கடை இருக்கிறது. சமையல் எண்ணெய் இல்லை, என்ஜின் ஆயில். இந்த ஊரில் எண்ணெய்க் கடை என்றாலே கடலை எண்ணெய்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பாமாயில் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியே என் பாதி ஆயுசு போயிற்று. மீதிப் பாதி, "அண்ணாச்சி, எந்த ஆயில் நல்ல ஆயில்?" என்று கேட்கிறவர்களிடம் போயிற்று.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. என்ன வண்டி, எத்தனை வருஷ வண்டி, லோடு ஏற்றுகிறதா, சும்மா கடைத்தெருவுக்குப் போய்வருகிறதா என்று நான் திருப்பிக் கேட்க ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் முகம் சுளிப்பார். அவருக்கு ஒரு பேர் வேண்டும், அவ்வளவுதான். பேரைச் சொன்னால், "போன தடவை வேற சொன்னீகளே" என்பார். இருபத்தாறு வருஷமாக இதே பேச்சு. சாயந்திரம் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், சாம்பாரா ரசமா என்று கேட்கிற மனைவியிடம்கூட எனக்குப் பதில் சொல்லத் தெம்பிருக்காது. ஏதோ ஒன்றை ஊற்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிப்பட்ட நான், ஒரே ஒரு தடவை ஒரு என்ஜினுக்கு எந்த ஆயில் என்று முழுசாக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது என் தங்கை வீட்டுக்காரருடைய படகு மோட்டார்.

எங்கள் பக்கத்தில் படகா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தங்கையை அணை இருக்கிற ஆனைக்குட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை, எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வெடிமருந்து கலக்கிறவராக இருந்தார். போன வருஷம் வைகாசியில் ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க ரூமைவிட்டு வெளியே வந்த நேரத்தில் பக்கத்து ரூம் வெடித்தது. அதிலிருந்த யாரும் பிழைக்கவில்லை. இவருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் பேச்சே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். என் தங்கை அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள், இனி இவரை அந்தக் கேட்டுக்குள் விடுவதில்லை என்று.

பதினெட்டு வருஷம் ஒரே வேலை செய்த மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்? ஆடு வாங்கினார்கள், சரிப்படவில்லை. மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார், நின்றுவிட்டார். கடைசியில் அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவர், படகும் மோட்டாரும் சொந்தமாக வைத்திருக்கிற ஆள் வேண்டும் என்றார். மீனுக்குத் தீனி போடவும், விரித்த வலையைப் பார்த்துக்கொள்ளவும், திருட்டு வலை போடுகிறவர்களை விரட்டவும். மாப்பிள்ளை தூத்துக்குடிக்குப் போய்ப் பழைய மோட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். படகுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார், நாலு ஸ்ட்ரோக். கார்த்திகை மழையில் அணையில் தண்ணீர் நின்றது. அவர் கம்பெனியைவிட்டு வந்த பிறகு சிரித்துப் பார்த்தது அந்த மோட்டாரைப் படகில் மாட்டின அன்றைக்குத்தான்.

மறுவாரம் தங்கை பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். பழைய ஆயிலை மாற்ற வேண்டும் என்று மோட்டாரை விற்றவர் சொல்லியிருக்கிறார், எந்த ஆயில் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை, உன்னிடம் கேட்கச் சொன்னார் என்றாள். நான் வழக்கம்போல அலுப்பாக, பார்க்கலாம் என்றேன். அவள் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஃபோர்மேன் தெனமும் போன் பண்ணுதாரு. நல்லா மருந்து கலக்க ஆளில்லையாம். அவுக எதுவும் சொல்லாம கேட்டுக்கிட்டே இருக்காக. இந்த மோட்டார் ஓடுற வரைக்கும்தான் அவுக எங்கூட இருப்பாக. நின்னுச்சுன்னா மறுநாளே மருந்துக்குப் போயிருவாக. நீ என்ன ஆயில் வேணாலும் ஊத்து, அது மட்டும் நிக்கக் கூடாது."

கடை ஆரம்பித்ததிலிருந்து எந்த ஆயில் என்று கேட்டு வந்த ஆயிரம் பேரில், பதில் உண்மையிலேயே வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

எனக்கு அணைத் தண்ணீரில் ஓடுகிற மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். இந்த வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும், பம்புசெட்டுக்கு ஊற்றுகிறதையே ஊற்று என்றார். விருதுநகரில் எதைக் கேட்டாலும் வெயிலில் கொண்டுபோய்தான் முடிப்பார்கள். எனக்கும் முதலில் அதுதான் சரியென்று பட்டது. என் கையும் அப்படிப் பழகின கைதான். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, இழுத்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கு என்று தலையாட்டும். பைக் மெக்கானிக் ஒருவர், நாலு ஸ்ட்ரோக்தானே, பைக் ஆயிலை ஊற்றுங்கள், அதுக்கு ஏன் இந்தப் பாடு என்றார். சரக்குப் போடுகிற ஏஜென்சிப் பையனுக்குப் போன் போட்டால், எங்களிடம் இருக்கிற எல்லாமே எல்லாவற்றுக்கும் போடலாம் அண்ணாச்சி என்றான். அவனுடைய டார்கெட் அவனுக்கு.

கடைசியில் மோட்டாரை விற்ற தூத்துக்குடி மெக்கானிக்கின் நம்பரை வாங்கிப் பேசினேன். மனுஷன் பொறுமைசாலி. பம்புசெட்டு ஆயிலை ஊற்றாதீர்கள் என்றார். அணைத் தண்ணீரையே உறிஞ்சித்தான் மோட்டார் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது, உங்கள் ஊர் வெயில் அதன் வயிற்றுக்குள் போகாது, ஆயில் இளக்கமாக இருந்தால்தான் ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுத்தவுடன் எல்லா இடத்துக்கும் ஏறும் என்றார். பைக் ஆயில் கிளட்சை நினைத்துச் செய்தது, இதில் அந்தக் கிளட்சே இல்லை. கார் ஆயில் ஓடும், ஆனால் எந்நேரமும் தண்ணீர் மேலேயே கிடக்கிற மோட்டாரின் உள்ளே ஈரம் சேரும், துருப்பிடிக்கும், அதைத் தாங்குகிற மருந்து அதில் போதாது. படகு மோட்டாருக்கென்றே நாலு ஸ்ட்ரோக் ஆயில் தனியாக வருகிறது, அதன் டப்பாவில் அதற்கான முத்திரை இருக்கும், அதை மட்டும் ஊற்றுங்கள் என்றார். எங்கே கிடைக்கும் என்றேன். விருதுநகரில் கிடைக்காது என்றார். அதுகூட எனக்குத் தெரியாதா.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். முழங்கால் வலியோடு எட்டயபுரம் வழியாக உட்கார்ந்து போய், ஹார்பர் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, முத்திரையைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்து, ஒரு லிட்டர் டப்பா இரண்டும் ஒரு ஃபில்டரும் வாங்கினேன். திரும்பி வருகிற பஸ்ஸில் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். என் சொந்தக் கடையில் நான் விற்கிற எந்த ஆயிலிடமும் எனக்கு அப்படி ஒரு மரியாதை இருந்ததில்லை. சரியானதைத் தேடி எடுத்துவிட்டோம் என்கிற நிம்மதியில் சாத்தூர் வரும்வரை தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைக்கரைக்குப் போனேன். மாப்பிள்ளை படகைக் கரையில் இழுத்துப்போட்டு மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார். பழைய ஆயில் கறுப்பாக இறங்கியது. ஃபில்டரை மாற்றினோம். புனல் வைத்து நான்தான் ஊற்றினேன். அவர் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தார். கம்பியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் டப்பா முழுசாக முடியாமலே மேல்கோட்டுக்கு வந்துவிட்டது. போதும் மச்சான் என்றார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் என் அப்பா இதே கடையில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் விற்றவர். படியில் அளந்து ஊற்றின பிறகு கரண்டியால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார். கொசுறு. அது இல்லாவிட்டால் வாங்கினவர் முகம் வாடிவிடும். அளந்தபடி கொடுத்தால் கறார்ப் பேர்வழி என்று தெருவெல்லாம் பேசுவார்கள். நானும் அப்படித்தான். பீப்பாயிலிருந்து பம்புசெட்டுக்காரர்களுக்கு ஊற்றும்போது கேன் நிறைந்து வழியும்வரை நிறுத்த மாட்டேன். லோடு ஆட்டோக்காரர் ஆயில் செக் பண்ணச் சொன்னால் ஒரு கை கூடவே ஊற்றித்தான் அனுப்புவேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அதற்காகத் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

அன்றைக்கு டப்பாவில் மிச்சம் கிடந்தது. தங்கை வீட்டுக்காரர். தூத்துக்குடிவரை போய் வாங்கின ஆயில். அவர் கயிற்றைச் சுருட்டப் படகின் அந்தப் பக்கம் போயிருந்தார். மிச்சத்தையும் ஊற்றினேன். மனசு ஆறவில்லை. இரண்டாவது டப்பாவையும் திறந்து ஒரு டம்ளர் அளவு ஊற்றி மூடினேன். ஊற்றும்போது என் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்லா ஓடட்டும், நிற்கக் கூடாது, என் தங்கை நிம்மதியாக இருக்கட்டும். பிரியம் தவிர வேறு ஒன்றும் இல்லை. அட, கோட்டைத்தான் பார்த்தோமே, கொஞ்சம் கூட இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன். நினைக்கக்கூட இல்லை. கை அதுபாட்டுக்கு ஊற்றியது.

இரண்டு இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. அவர் தண்ணீருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கரையில் நின்ற தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலைந்து நாள் கழித்து மாப்பிள்ளை போனில் பேசினார். மோட்டார் வெள்ளையாகப் புகை விடுகிறது, பிளக் எல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது என்றார். கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் பேர் கேட்டார், ஒருத்தர் போன தடவை வாங்கினது சரியில்லை என்றார். எனக்குத் தலையை வலித்தது. புது ஆயில் மாப்ள, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கு ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தூத்துக்குடிக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். யாரோ ஒருவருக்குச் சொல்கிற பதிலைப் போலச் சொல்லிவிட்டேன். அலுப்பு என்பது சும்மா உடம்பு நோகிற விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தை பிறந்து பத்து நாளில் மோட்டார் நடு அணையில் நின்றுவிட்டது. டொக்கென்று ஒரு சத்தம், அப்புறம் கயிற்றை இழுத்தால் அசையவில்லை என்றார். துடுப்புப் போட்டே கரைக்கு வந்திருக்கிறார். வலையைவிட்டு அவரால் நகர முடியாது என்பதால் மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றி நான் மட்டும் தூத்துக்குடிக்குக் கொண்டு போனேன்.

மெக்கானிக் பிரித்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிலை வடித்துப் பாத்திரத்தில் பிடித்தார். பார்த்துவிட்டு, நல்ல ஆயில், நான் சொன்னதையேதான் வாங்கியிருக்கீங்க என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பிறகு பாத்திரத்தைச் சாய்த்து அளவைப் பார்த்தார். இவ்வளவும் உள்ளேயா இருந்தது என்று கேட்டார். ஊற்ற வேண்டியதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேலே இருந்தது. தீனி போடுகிற படகு எந்நேரமும் மெதுவாகத்தான் ஓடும், அப்படி ஓடினால் பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கி அளவு தானாகவே ஏறும், அதற்காகத்தான் மேல்கோட்டுக்குக் கீழேயே நிறுத்தச் சொல்வது என்றார். இது ஏற்கெனவே நிறைந்து கிடந்திருக்கிறது. உள்ளே சுற்றுகிற தண்டு ஆயிலில் முங்கி, அடித்து அடித்து நுரையாக்கிவிட்டது. நுரை எதையும் காப்பாற்றாது. என்ஜின் காய்ந்து ஓடி இறுகிவிட்டது. சரி பண்ணலாமா என்றேன். இதைச் சரி பண்ணுவதற்கு வேறொன்று வாங்கிவிடலாம் என்றார்.

யார் ஊற்றினது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு மோட்டார் நான் வாங்கித் தருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அதற்குள் குத்தகைக்காரர் வேறொரு படகை இறக்கிவிட்டார், தண்ணீரும் மாசியோடு வற்றிவிடும், விடுங்க மச்சான் என்றார். என் கடையில் வந்து உட்காருங்கள் என்றேன். மச்சான் கடையில் சம்பளத்துக்கு இருக்க முடியாது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான். மோட்டாரை ரொம்ப விரட்டிவிட்டேன், என் தப்புத்தான் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருவதாக இவர் ஒத்துக்கொண்டாயிற்று.

ஞாயிறு சாயந்திரம் ஆனைக்குட்டத்துக்குப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு உடுத்துகிற பருத்திச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உரசினால் பொறி பறக்கும் என்று பாலியஸ்டர் போட்டுக்கொண்டு மருந்து ரூமுக்குள் போகக் கூடாது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சத்தை ஊற்றினது, இரண்டாவது டப்பாவைத் திறந்தது, புகை என்று அவர் சொன்னபோது காதில் வாங்காமல் போனை வைத்தது.  அறைந்தால்கூட வாங்கிக்கொள்கிற நிலைமையில் இருந்தேன்.

அவர் எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"பிரியத்துலதான ஊத்துனீக மச்சான். உங்க கடையில ஒரு கை கூடப் போட்டாத்தான் ஆளு திரும்பி வருவாக. எங்க ரூம்புல ஒரு கை கூடப் போட்டா ஆளே இருக்க மாட்டாக. பதினெட்டு வருசம் அளந்து அளந்து போட்டவன், அன்னைக்கு ஊத்தி முடிச்சப்பொறம் கம்பிய நானும் இன்னொருக்கா எடுத்துப் பாத்திருக்கணும். நீங்க ஊத்துனதுனால பாக்கல."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.  உட்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க என்றார். உட்கார்ந்தேன்.

தங்கை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.   நான் கிளம்பும்போது தெருமுனைவரை கூடவே வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவுக போனக் கம்பெனிக் கேட்டுலயே வாங்கி வச்சிருவாக அண்ணே. சாயந்தரம் அவுக வெளிய வந்தாத்தான் பேச முடியும். அதுக்குள்ள எங்கயாவது சத்தம் கேட்டுச்சுன்னா நான் யாருக்குப் பேச? உனக்குத்தான் பேசுவேன். கடையில எம்புட்டு ஆள் நின்னாலும் எடுத்துரு."

சரி என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. ஆமத்தூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்து ஆறு மாசம் ஆகிறது. இதுவரை நாலு தடவை பேசியிருக்கிறாள். ஒரு தடவை கல்குவாரி வெடி. ஒரு தடவை இடி. ஒரு தடவை உண்மையாகவே வேறொரு கம்பெனி, வேறொரு வீட்டு ஆட்கள். நேற்று மத்தியானம் பேசினாள். கடையில் மூன்று பேர் நின்றார்கள், ஒருத்தர் எந்த ஆயில் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்தேன். "அண்ணே, உனக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

எனக்கும் கேட்டிருந்தது. கேட்கவில்லை என்றேன். சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் கேட்டைவிட்டு வெளியே வந்து அவளைக் கூப்பிடும்வரை, இரண்டு பேரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம்.